சும்மா நிற்கும் கருவியின் பழுது



காரின் டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியிலிருந்து தொடங்குகிறேன். அதில் காற்று இறங்கிவிட்டாலும் வண்டி எப்போதும்போல ஓடும். சத்தம் வராது, இழுவை குறையாது, டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. என்றைக்கோ ஒரு ராத்திரி திண்டிவனம் தாண்டி முன்சக்கரம் பஞ்சரானால்தான், உதவிக்கு என்று வைத்திருந்த சக்கரமும் தட்டையாகக் கிடப்பது தெரியவரும். ஸ்டெப்னி எப்போது கெட்டது? போன வாரமா, போன வருஷமா? யாராலும் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட பழுதுக்குத்தான் மறைந்த பழுது என்று பெயர். ஓடுகிற மோட்டார் கெட்டால் நின்றுவிடும். நின்றதும் ஆள் வந்துவிடுவார். ஆனால் எப்போதாவது தேவைப்படும் என்று நிறுத்தி வைத்திருக்கிற கருவிகள் இருக்கின்றனவே, ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர், தீயணைப்பு பம்ப், பாய்லரின் சேஃப்டி வால்வு, சப்ஸ்டேஷன் ரிலே, இவை கெட்டால் அந்த நிமிஷத்தில் உலகத்தில் எதுவும் மாறுவதில்லை. தற்செயலாக வரும் இன்னொரு நிகழ்ச்சிதான் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. இந்தப் பாகுபாட்டை முறையாகச் செய்தவர்கள் விமானத் துறைக்காரர்கள். யுனைட்டெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்ற இருவர் 1978இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஓர் அறிக்கை எழுதினார்கள். விமானிகள் தங்கள் வழக்கமான வேலையில் கவனிக்கவே முடியாத பழுதுகளைத் தனியாகப் பிரித்து, அவற்றைத் தேடிப்போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார்கள்.

இன்று நான் பேச வந்தது இதன் கணக்கு. கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கூட்டலும் வகுத்தலும் போதும்.

ஸ்டெப்னி சராசரியாக 2 ஆண்டுக்கு ஒருமுறை காற்று இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சரும் சராசரியாக 2 ஆண்டுக்கு ஒருமுறை. இரண்டும் தற்செயல், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை, எந்த மாதத்திலும் வாய்ப்பு ஒரே அளவுதான். வண்டிக்காரர் நடுவில் ஸ்டெப்னியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பஞ்சர் ஆனால்தான் பார்த்துச் சரிசெய்கிறார். அப்படியானால் ஒவ்வொரு முறை சரிசெய்த பிறகும் ஒரு ஓட்டப்பந்தயம் நடக்கிறது: காற்று முதலில் இறங்குமா, பஞ்சர் முதலில் வருமா? இரண்டும் சம வேகம். ஆகவே பஞ்சர் ஆகும்போது ஸ்டெப்னி கைவிட்டிருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. பொது விதி இதுதான்: பழுதின் விகிதத்தை, பழுது விகிதமும் தேவை விகிதமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், தேவைப்படும் நேரத்தில் கருவி கெட்டிருக்கும் நிகழ்தகவு கிடைத்துவிடும்.

இப்போது சாலையெல்லாம் நன்றாகப் போட்டு, டயரும் நல்ல டயராக வந்து, பஞ்சர் 8 ஆண்டுக்கு ஒருமுறைதான் என்று ஆகிவிட்டது. நல்ல சேதிதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழுது விகிதம் ஆண்டுக்கு 1/2, தேவை விகிதம் 1/8, வகுத்தால் 4/5. ஐந்து முறையில் நான்கு முறை ஸ்டெப்னி உதவாது! நடுரோட்டில் நிற்பது மொத்தத்தில் குறையத்தான் செய்யும். முன்பு 4 ஆண்டுக்கு ஒருமுறை நின்றவர் இப்போது 10 ஆண்டுக்கு ஒருமுறை நிற்பார். ஆனால் பஞ்சர் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தும், நடுரோட்டில் நிற்பது அந்த அளவுக்குக் குறையவில்லை. நாம் சம்பாதித்த நன்மையில் ஒரு பகுதியை டிக்கிக்குள் கிடந்த சக்கரம் தின்றுவிட்டது.

இந்த உரையில் நான் ஒன்றே ஒன்றைத்தான் உங்கள் மனதில் பதிய வைக்க நினைக்கிறேன். ஆபத்து அரிதாக ஆக ஆக, அதற்கென்று வைத்திருக்கும் காவல் கருவி கெட்டுக் கிடக்க வாய்ப்பு கூடுகிறது. பல ஆண்டு அமைதி என்பது கருவி நன்றாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது. அது கருவியைப் பற்றி எதுவுமே சொல்லாத காலம்.

தமிழ்நாட்டில் இதை நாம் கண்ணெதிரே பார்த்திருக்கிறோம். 2012இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் கிடையாது. ஆஸ்பத்திரி, மில், கல்யாண மண்டபம் என்று எல்லா இடத்திலும் ஜெனரேட்டர் தினமும் ஓடியது. பேட்டரி செத்தால் அன்றைக்கே தெரிந்தது. டீசல் பைப்பில் காற்று புகுந்தால் அன்றைக்கே தெரிந்தது. ஆபரேட்டருக்கும் கை பழகியிருந்தது. பிறகு மின் நிலைமை சீரானது. அதே ஜெனரேட்டர்கள் இன்று ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. தேவை விகிதம் நாளுக்குச் சில முறை என்பதிலிருந்து மாதத்துக்கு ஒன்று, சில இடங்களில் அதற்கும் கீழே வந்துவிட்டது. மின்வெட்டுக் காலம் தானாகச் செய்துகொடுத்த சோதனையை இனி நாம்தான் செய்தாக வேண்டும். எத்தனை இடங்களில் செய்கிறார்கள்?

சோதனை செய்தால் என்ன கிடைக்கும் என்பதையும் எண்ணிலேயே பார்த்துவிடலாம். ஒரு கருவி சராசரியாக 50 ஆண்டுக்கு ஒருமுறை கெடும். தேவை 10 ஆண்டுக்கு ஒருமுறை வரும். யாரும் சோதிக்காவிட்டால், தேவைப்படும்போது கெட்டிருக்க வாய்ப்பு 6இல் 1. ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தால்? பழுது அந்த ஆண்டின் எந்த நாளிலும் வந்திருக்கலாம். வந்திருந்தால் சராசரியாக அரை ஆண்டு யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கும். ஆகவே வாய்ப்பு ஏறக்குறைய 50இல் 1 என்பதில் பாதி, அதாவது 100இல் 1. கருவியில் ஒரு திருகைக்கூட மாற்றவில்லை. ஆண்டுக்கொரு முறை போய்ப் பார்த்தோம், அவ்வளவுதான். 6இல் 1 என்பது 100இல் 1 ஆகிவிட்டது.

அப்படியானால் தினமும் சோதித்துவிடலாமே என்று தோன்றும். சோதனைக்கும் ஒரு விலை உண்டு. சோதிக்கும் நேரத்தில் கருவி காவலில் இல்லை. ஒரு சோதனைக்கு 4 மணி நேரம் கருவியைக் கழற்றி வைக்க வேண்டும் என்றால், அடிக்கடி சோதிக்கச் சோதிக்க அந்த நேரமே பெரிதாகிவிடும். ஒரு பக்கம் மறைந்து கிடக்கும் காலம், இன்னொரு பக்கம் கழற்றி வைத்த காலம். இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும் இடைவெளி எது என்பதே கேள்வி. சோதனை நேரத்தின் இரு மடங்கை, பழுதுகளுக்கு இடையிலான சராசரி காலத்தோடு பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் விடை வரும். நமது எண்களுக்கு அது சுமார் 78 நாள். இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பதே நல்லது; அதைவிட அடிக்கடி போனால் சோதனையே கெடுதல் செய்யத் தொடங்கும். பார்லோ, ஹண்டர், ப்ரோஷன் போன்றவர்கள் 1960களில் வளர்த்த சோதனைக் கால ஆய்வின் எளிய வடிவம் இது.

சோதனையின் விலையில் இன்னொரு பங்கும் உண்டு. அது மனிதக் கை. இதற்கு த்ரீ மைல் ஐலண்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது, அதனால் அங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கும் அந்த அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலையில், நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் அனுப்பும் முக்கிய பம்புகள் நின்றுவிட்டன. இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்து அவசரகால பம்புகள் மூன்று இருந்தன. மூன்றும் தாமாகவே, சொல்லிவைத்தாற்போல ஓடத் தொடங்கின. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் கலனுக்குப் போகவில்லை. குழாயில் இருந்த இரண்டு தடுப்பு வால்வுகளும் மூடிக்கிடந்தன. இரண்டு நாள் முன்பு அந்த அமைப்பைச் சோதித்திருந்தார்கள். சோதனைக்காக மூடியவை அப்படியே திறக்காமல் விடப்பட்டன என்பதே பெரும்பாலானவர்கள் நம்பும் விளக்கம். வால்வு மூடியிருப்பதைக் காட்டும் விளக்குகள் கட்டுப்பாட்டு அறையில் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஒரு விளக்கின்மேல் பராமரிப்புக்காகக் கட்டிய மஞ்சள் அட்டை தொங்கி மறைத்துக்கொண்டிருந்தது. 8 நிமிடம் கழித்துத்தான் ஆபரேட்டர் கண்டுபிடித்துத் திறந்தார்.

இதில் என்னை உலுக்குவது ஒன்று உண்டு. இரண்டு குழாய், இரண்டு வால்வு என்று வைத்தது, ஒன்று போனால் மற்றொன்று காப்பாற்றும் என்பதற்காக. இரண்டையும் தொட்டது ஒரே சோதனை. கருவி கெட்டுப்போனதால் வந்த பழுது இல்லை அது. கருவி நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் போனதில் வந்தது.

அந்த 8 நிமிடம் விபத்தின் முடிவைப் பெரிதாக மாற்றவில்லை, குழப்பத்தைத்தான் கூட்டியது என்று விசாரணை செய்த கெமெனி ஆணையம் சொன்னது. பெரிய அடி இன்னொரு வால்விலிருந்து வந்தது. அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த ஒரு நிவாரண வால்வு, மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்தது. ஆட்கள் வால்வு மூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவே இல்லை. மூடு என்ற மின் கட்டளை போய்ச் சேர்ந்ததை மட்டும்தான் காட்டியது. உலையின் குளிர்நீர் அந்த வழியாக இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. உலையின் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகியது. அதே வகை வால்வு 1977 செப்டம்பரில் ஒஹையோவின் டேவிஸ்-பெஸ் நிலையத்திலும் சிக்கியிருந்தது. அங்கே உலை குறைந்த சக்தியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்களும் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள். பெரிய சேதம் இல்லை. அந்த எச்சரிக்கை த்ரீ மைல் ஐலண்டின் ஆபரேட்டர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

மின்சாரத் துறைக்கு வருகிறேன். மறைந்த பழுது ஊர் ஊராக இருட்டாக்கும் இடம் அது.

உயரழுத்த லைனின் இரு முனையிலும் ரிலேக்கள் இருக்கின்றன. லைனில் ஷார்ட் ஆனால் நொடியின் சிறு பகுதிக்குள் பிரேக்கரைத் திறக்கச் சொல்வது அவற்றின் வேலை. ஒரு ரிலே ஆண்டுக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். அதன் உள்ளே ஒரு தொடுமுனை ஒட்டிக்கொண்டிருக்கலாம். அளவு தவறாக வைக்கப்பட்டிருக்கலாம். சாதாரண நாளில் எதுவும் தெரியாது. பக்கத்து லைனில் மின்னல் விழுந்து அது டிரிப் ஆகும்போது, மின்னோட்டம் திசை மாறி, சுமை இந்த லைனுக்குத் தாவும். அப்போதுதான் கெட்ட ரிலே விழித்துக்கொண்டு, நன்றாக இருக்கும் இந்த லைனையும் வெட்டிவிடும். ஏற்கெனவே தள்ளாடும் வலையமைப்புக்கு இது இரண்டாவது அடி.

1965 நவம்பர் 9 மாலை 5.16க்கு நடந்தது இதுதான். நயாகரா அருகே, கனடாவின் ஒன்ராறியோவில் உள்ள சர் ஆடம் பெக் நீர்மின் நிலையத்திலிருந்து டொரொண்டோ பக்கம் ஐந்து லைன்கள் போயின. 1963இல் ஒரு காப்பு ரிலேயின் எல்லையை அன்றைய சுமைக்கு ஏற்ப வைத்தார்கள். பிறகு சுமை ஏறிக்கொண்டே போனது. ரிலேயின் எல்லை அப்படியே இருந்தது. ஆபரேட்டர்களுக்கு அது தெரியாது. குளிர்கால மாலையின் சுமை அந்த எல்லையைத் தொட்டதும் ஒரு லைன் டிரிப். அதன் சுமை மற்ற நான்கின்மேல் விழ, அவையும் அடுத்தடுத்து டிரிப். சில நிமிடங்களில் நியூயார்க் உட்பட சுமார் 3 கோடி பேர் இருளில் மூழ்கினார்கள். சில இடங்களில் 13 மணி நேரம் வரை. ரிலே கெடவே இல்லை. அதற்குச் சொல்லிவைத்ததை அப்படியே செய்தது. பழுது அதன் எண்ணில் இருந்தது, இரண்டு ஆண்டாக.

அமெரிக்காவில் 1984 முதல் 1988 வரை நடந்த பெரிய மின் தடங்கல்களை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய முக்கால் பங்கில் ரிலேக்களுக்கு ஏதாவது ஒரு வகையில் பங்கு இருந்தது தெரியவந்தது. 1990களில் அருண் பட்கே, ஜேம்ஸ் தார்ப் முதலியோர் இதற்கு ஒரு நிகழ்தகவு மாதிரி அமைத்தார்கள். இந்தியாவிலிருந்து போன பட்கே, கம்ப்யூட்டர் ரிலேக்களின் முன்னோடிகளில் ஒருவர். ஒரு லைன் டிரிப் ஆனதும், அதன் இரு முனைகளிலும் இணையும் எல்லா லைன்களும் சோதனைக்கு உள்ளாவதாக அவர்கள் கொண்டார்கள். அவை ஒவ்வொன்றிலும் மறைந்த பழுது இருக்கச் சிறிய நிகழ்தகவு. கம்ப்யூட்டரில் சீட்டுக் குலுக்குவதுபோலக் குலுக்கி, எது தவறாக டிரிப் ஆகிறது, அதனால் அடுத்து எது, அதற்கும் அடுத்து எது என்று தொடர்ந்துகொண்டே போவார்கள். ஆயிரக்கணக்கான முறை குலுக்கினால், எந்த சப்ஸ்டேஷன் ரிலே கெட்டால் வலையமைப்பே சரியும், எது கெட்டால் ஒன்றும் ஆகாது என்ற வரிசை கிடைக்கும். பராமரிப்புப் பணத்தை எங்கே செலவழிப்பது என்பதற்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தோன்றவில்லை. எல்லா ரிலேயையும் ஒரே கால அட்டவணையில் சோதிப்பது சமத்துவம்போலத் தெரியும். உண்மையில் அது முக்கியமானதைப் புறக்கணிப்பது.

நம் நாட்டில் 2012 ஜூலை 30 அதிகாலை 2.33க்குப் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைன் டிரிப் ஆனது. லைனில் ஷார்ட் எதுவும் இல்லை. அளவுக்கு மீறிய சுமையை ரிலே தொலைவில் உள்ள பழுது என்று எடுத்துக்கொண்டது. அன்றும் மறுநாளும் வட இந்தியா இருண்டது; இரண்டாம் நாள் பாதிக்கப்பட்டவர்கள் 60 கோடிக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது. தமிழ்நாடு தப்பியது, ஏனென்றால் தென்னக வலை அப்போது மற்ற வலைகளோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்திருக்கவில்லை. 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக நாமும் இணைந்துவிட்டோம். இணைந்ததால் பெரும் நன்மை உண்டு. ஆனால் மத்தியப் பிரதேசத்தில் ஒரு ரிலேயில் வைத்த எண் இப்போது மதுரைக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

இன்றைய டிஜிட்டல் ரிலே தன்னைத் தானே இடைவிடாமல் பரிசோதித்துக்கொள்கிறது. உள்ளே ஒரு பாகம் கெட்டால் உடனே அலாரம் அடிக்கும். அந்த அளவுக்கு மறைந்த பழுது வெளிப்படையான பழுதாகிவிட்டது. ஆனால் தவறாகக் கொடுத்த அளவை எந்த ரிலேயும் தவறு என்று சொல்லாது. அலாரமே கெட்டால் அதை யார் சொல்வது? 2003 ஆகஸ்ட் 14இல் ஒஹையோவின் கட்டுப்பாட்டு அறை ஒன்றில் பிற்பகல் 2.14க்கு அலாரம் மென்பொருள் உறைந்துபோனது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் யாருக்கும் தெரியவில்லை. வெளியே லைன்கள் மரங்களைத் தொட்டு ஒவ்வொன்றாக விழுந்தன. உள்ளே திரை அமைதியாக இருந்தது. மாலை 4.10 வாக்கில் 5 கோடி பேருக்குக் கரண்ட் போய்விட்டது.

இனி, சோதனை எதைச் சோதிக்கிறது என்ற கேள்வி. இங்கே ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்தவர்கள் பலர் வந்திருக்கிறீர்கள், உங்களுக்காகவே இதைச் சொல்கிறேன். வாரம் ஒருமுறை ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டு அணைத்துவிடுவது வழக்கம். பேட்டரியும் ஸ்டார்ட்டரும் நன்றாக இருப்பது அதில் தெரியும். முழுச் சுமை ஏறினால் என்ஜின் தாங்குமா, சுமையை மாற்றும் பேனலில் கான்டாக்டர் உட்காருமா, இரண்டு மணி நேரம் ஓடினால் ரேடியேட்டர் கொதிக்காமல் இருக்குமா என்பது எதுவும் தெரியாது.

முன்பு எடுத்த அதே 50 ஆண்டுக் கருவி. பழுதுகளில் ஐந்தில் நான்கு பங்கை இந்தச் சோதனை கண்டுபிடிக்கும், ஒரு பங்கு தப்பிவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் சோதித்தால் கண்டுபிடிக்கக்கூடிய பங்கினால் வரும் ஆபத்து 125இல் 1. தப்பிவிடும் பங்கை எந்தச் சோதனையும் தொடுவதில்லை. உண்மையான தேவை வந்தால்தான் வெளிப்படும். அதன் விகிதம் 250 ஆண்டுக்கு ஒன்று, தேவை 10 ஆண்டுக்கு ஒன்று. வகுத்தால் 26இல் 1. சிறிய பங்குதான், ஆபத்தில் பெரும்பகுதி அதனுடையது. வருஷச் சோதனையை வாரச் சோதனையாக மாற்றினால் 125இல் 1 என்பது இன்னும் சிறிதாகும். 26இல் 1 அசையவே அசையாது. அதை அசைக்க ஒரே வழி, திட்டமிட்ட ஒரு நாளில், டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் முன்கூட்டியே சொல்லி, வென்டிலேட்டர் பேட்டரிகளைச் சரிபார்த்துவிட்டு, மெயின் பிரேக்கரை உண்மையாகவே திறப்பது.

இரண்டாவது ஜெனரேட்டர் வாங்கிவிட்டோம் என்பார்கள். ஆண்டுச் சோதனையில் முன்பு கிடைத்த 100இல் 1 என்பதை 100இல் 1 என்பதோடு பெருக்கி, பத்தாயிரத்தில் 1 என்று சந்தோஷப்படுவார்கள். இரண்டையும் ஒரே நாளில் சோதித்தால் சரியான விடை 7,500இல் 1. ஏனென்றால் சோதனை தள்ளிப்போகப் போக இரண்டும் சேர்ந்தே சந்தேகத்துக்குரியவை ஆகின்றன. ஆறு மாதம் தள்ளித் தள்ளி மாற்றிச் சோதித்தால் 12,000இல் 1. காலண்டரில் தேதியை மாற்றுவதற்குப் பணம் செலவாகாது. ஆனால் இந்த எண்கள் எல்லாம் இரண்டும் தனித்தனியாகக் கெடும் என்ற நம்பிக்கையில் நிற்கின்றன. இருபது பழுதில் ஒன்று இரண்டையும் சேர்த்து வீழ்த்தும் பழுது என்றால், அது மட்டுமே 2,000இல் 1 ஆகிவிடும். ஒரே டீசல் டேங்க், ஒரே மெக்கானிக், ஒரே பள்ளத்தில் இரண்டு மெஷின், இவையெல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

தற்செயல் நிகழ்ச்சியும் பழுதும் ஒன்றையொன்று அறியாதவை என்ற அனுமானமும் எப்போதும் செல்லாது. 2011 மார்ச் 11இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நிலநடுக்கம் வெளி மின்சாரத்தை அறுத்தது. டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. ஒரு மணி நேரத்துக்குள் சுனாமி வந்து அவற்றில் பெரும்பாலானவற்றை முடக்கியது. கரண்ட் போவதும் ஜெனரேட்டர் போவதும் ஒரே காரணத்தின் இரண்டு கிளைகள். நம் கடற்கரை ஊர்களில் புயல் செய்வதும் அதுதான். கம்பத்தைச் சாய்க்கும் அதே ராத்திரியில்தான் தாழ்வான ஜெனரேட்டர் அறையில் தண்ணீர் ஏறும். அத்தகைய இடத்தில் தேவை வரும் நாள் சாதாரண நாளாக இருக்காது. சாதாரண நாளின் சோதனை அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லும்.

கடைசியாக, இந்தப் பழுது விகிதம் என்ற எண்ணை எங்கிருந்து எடுப்பது? எங்கள் ஜெனரேட்டர் ஒருமுறைகூடத் தவறியதில்லை சார் என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் நான் கேட்பது, எத்தனை முறை கேட்டுப் பார்த்தீர்கள் என்பதுதான். புள்ளியியலில் எளிய விதி ஒன்று உண்டு. இத்தனை சோதனை, ஒன்றிலும் தோல்வி இல்லை என்றால், 3ஐ அந்த எண்ணிக்கையால் வகுங்கள். தோல்வியின் நிகழ்தகவு அதற்குள் இருக்கும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். வாரம் ஒருமுறை என்று ஓராண்டில் 52 சோதனை, எல்லாம் வெற்றி: அப்படியும் தோல்வி வாய்ப்பு 17இல் 1 வரை இருக்க இடமுண்டு. ஒரு ஆஸ்பத்திரி தனியாக நின்று 1,000இல் 1 என்று நிரூபிக்க வேண்டுமானால் 3,000 சோதனை, அதாவது வாரம் ஒன்றாக ஐம்பத்தேழு ஆண்டுக்கும் மேல் ஆகும். அறுபது ஆஸ்பத்திரிகள் ஒரே படிவத்தில், ஸ்டார்ட் ஆனதா, சுமை ஏற்றினோமா, எத்தனை நிமிடம், ஆகாவிட்டால் எந்தப் பாகம் என்று எழுதி ஒரே இடத்தில் சேர்த்தால், அதே 3,000 சோதனை ஓராண்டுக்குள் சேர்ந்துவிடும். அந்தப் படிவத்தின் மாதிரி ஒன்றை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். வாசலருகே மேஜையில் வைத்திருக்கிறேன், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.